ஸ்ரீபன் கட்டா மீன் கீறப் பழகியது

வலைஞர்மடத்தில் ஸ்ரீபனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் ஒரு வேலையை நம்பி அவன் கையில் கொடுத்தவர்களும் இல்லை.

கொக்கிளாயிலிருந்து எண்பத்துநாலில் உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அது. தகப்பனுக்குக் கரைவலை, தமையன்மார் இருவருக்கும் வள்ளம். ஸ்ரீபனுக்கு மட்டும் வள்ளம் கரையை விட்டு நாலு முழம் விலகினதும் வயிறு பிரட்டும். பதினாறு வயதில் முதன்முதலாகத் தொழிலுக்குப் போய் அவன் எடுத்த வாந்தியைத் தின்னத்தான் அன்றைக்கு அவ்வளவு சூடை மீன் வலைக்குள் வந்தது என்று மூத்த தமையன் கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் சொல்லிச் சிரிப்பான்.

கடலுக்கு ஆகாதவன் கரையில் என்ன செய்யலாம் என்று யோசித்தே ஸ்ரீபனுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. தையல் பழகினான். அவன் தைத்த காற்சட்டையை வாங்கியவர் அதைப் போட்ட நாட்களில் குனியாமல் திரிந்தார். றேடியோ திருத்தப் பழகினான். கழற்றுவதில் நல்ல கைராசி. பூட்டும்போதுதான் எப்போதும் இரண்டு மூன்று சாமான் மிஞ்சிவிடும். "மிஞ்சினது தேவையில்லாத சாமான்" என்பான். பிறகு தேனீ வளர்த்தான். தேனீக்கள் ஒரு கிழமை இருந்து பார்த்துவிட்டு வேறிடம் போய்விட்டன. கடைசியில் கடற்றொழிலாளர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை கிடைத்தது. மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பக்கம். அதையும் அவன் "நான் சங்கத்து நிர்வாகத்தில இருக்கிறன்" என்றுதான் சொல்லிக்கொள்வான். வீட்டில் உலை கொதித்தது மனைவி கலிஸ்ராவால். கிழிந்த வலை பொத்துவதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயும் அப்படித்தான். வேறுபாடு என்னவென்றால், வலையை அவள் பொத்துவாள், வாயால் கிழிப்பாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் புதுக்குடியிருப்புச் சந்தைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். 'சித்திரமும் கணினி வரைகலையும். ஆறு மாத வாழ்வாதாரப் பயிற்சி. வயது பதினெட்டு முதல் முப்பது வரை.' ஸ்ரீபன் சைக்கிளை நிறுத்தி மூன்று தரம் வாசித்தான். மூன்று தரமும் சித்திரம் என்ற சொல் அவன் கண்ணில் படவில்லை. முப்பது என்ற எண்ணும் படவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றமுன்னம் சொன்னான்: "கலிஸ்ரா, இனி ஆரும் கையால படம் கீறத் தேவையில்லையாம். கம்பியூட்டரே கீறுமாம்."

"அப்ப உங்களை ஏன் கூப்பிடுகினம்?" என்று கேட்டுவிட்டு அவள் வலையைத் திருப்பிப் போட்டாள்.

பயிற்சியைத் தொடங்கியது ஒரு தொண்டு நிறுவனம். அதன் திட்ட இணைப்பாளர் வீரபாகு வெள்ளை வாகனத்தில் வருவார், வெள்ளைச் சேர்ட்டில் இறங்குவார், 'நிலைபேறான' என்ற சொல்லைப் போடாமல் தேத்தண்ணிகூடக் கேட்கமாட்டார். அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய திட்டத்தில் இருபது கணினி, இருபது பயிலுநர் என்று இருந்தது. பயிலுநர் இருபது பேரும் வந்துவிட்டார்கள். கணினி ஒன்று வந்தது. மற்றவை எங்கே என்று கேட்டால், "கட்டங்கட்டமாக வரும்" என்பார். கைவிளக்குப் பற்றரியைக்கூடத் தாண்டவிடாத இராணுவத் தடைமுகாமைக் கடந்து அந்த ஒன்று வந்து சேர்ந்ததே பெரிய காரியம் என்பதால் யாரும் வற்புறுத்தவில்லை.

வன்னியில் மின்சாரம் போய்ப் பத்து வருசம். அந்த ஒரு கணினிக்கும் உயிர் கொடுக்க ஒரு ஜெனரேற்றர் வைத்திருந்தார்கள். அதற்குப் பெற்றோல் வேண்டும். பெற்றோல் என்பது அந்த நாளில் மருந்துக் குப்பியில் அளந்து வாங்குகிற திரவியம். ஸ்ரீபனுக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான். நேர்முகத் தேர்வில் வயதைக் கேட்டதும் கூசாமல் "முப்பது" என்றான். வீரபாகு அவனுடைய காதோர நரையைப் பார்த்துவிட்டு அடையாள அட்டைக்குக் கை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, வெளியே ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. ஸ்ரீபன் எழுந்து போனான். தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பிகளோடு மல்லுக்கட்டிப் பழகியது அவன் வாழ்க்கையில் உருப்படியாகக் கற்ற ஒரே வித்தை. இரண்டு சொட்டுப் பெற்றோலை அதன் மூக்கில் காட்டி, கயிற்றை இழுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டான். புகை கொட்டிலை நிறைத்தது. இருமிக்கொண்டே வெளியே வந்த வீரபாகுவிடம், "ஐயா, இதை மண்ணெண்ணெயில ஓட்ட இஞ்ச என்னை விட்டா ஆளில்லை" என்றான்.

மறுநாள் ஒட்டிய பட்டியலில் இருபதாவது பெயர் அவனுடையது. வயது என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

வகுப்பு, தையல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கிடுகுக் கொட்டிலில் நடந்தது. காலை முழுவதும் சித்திரம். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கணினி. இருபது பேருக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் ஆளுக்கு ஆறு நிமிடம். அதற்காக ஸ்ரீபன் தினமும் இரணைப்பாலை ஊடாகச் சைக்கிள் மிதித்து வந்தான். அவன் கணக்கில் காலை வகுப்பு என்பது ஜெனரேற்றர் போடும்வரை பொழுதைப் போக்குகிற ஏற்பாடு.

காலை வகுப்பை எடுத்தவள் பத்மாசனி. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சித்திர ஆசிரியை. ஸ்ரீபனைவிட ஒன்பது வயது இளமை. முதல் நாள் அவள் மேசைமேல் ஒரு திருவலையை வைத்தாள். தேங்காய் திருவுகிற சாதாரணத் திருவலை. "இதைப் பாத்துக் கீறுங்கோ" என்றாள். இரண்டாம் நாளும் அதே திருவலை. இரண்டு கிழமை அதே திருவலை. பக்கம் மட்டும் திருப்பித் திருப்பி வைத்தாள்.

ஸ்ரீபனால் பொறுக்க முடியவில்லை. "ரீச்சர், கம்பியூட்டர் வகுப்பில திருவலைக்கு என்ன வேலை?"

"பாக்கப் பழகத்தான் அண்ணை. பாக்காத ஒண்டைக் கம்பியூட்டரில எப்பிடிக் கீறுவியள்?"

"அதுக்குள்ள எல்லாம் இருக்காமே?"

பத்மாசனி அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "படுத்திருக்கிற நாய் நல்லா வந்திருக்கு அண்ணை. திருவலையை எங்க கீறியிருக்கிறியள்?" என்றாள். முன்வரிசையில் இருந்த பெட்டைகள் கொப்பியால் வாயை மூடிக்கொண்டார்கள். அது திருவலைதான் என்று ஸ்ரீபன் சொல்லவில்லை. நாயாகவே விட்டுவிட்டான்.

பின்னேர வகுப்பின் மாஸ்ரர் நல்லதம்பி. வவுனியாவில் படித்தவர். அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். அவரிடம் படம் கீறும் மென்பொருள் ஒன்றைப் பற்றிய தடித்த புத்தகம் இருந்தது. எண்பத்துநாலாம் பக்கத்துக்குப் பிறகு கறையான் தின்றுவிட்டது. அதனால் அந்த மென்பொருளின் எண்பத்துநாலு பக்க அறிவு முழுவதையும் அவர் தந்தார். எண்பத்தைந்தாம் பக்கத்துக் கேள்வி வந்தால், "அது அடுத்த கட்டம்" என்பார்.

ஆனால் நல்லதம்பி சொன்ன அடிப்படை பிழையில்லை. "சாதாரணப் படத்தைப் பெருப்பிச்சால் உடையும். வெக்ரர் படம் உடையாது. ஏனெண்டால் இது படத்தை வைச்சிருக்கிறேல்லை. புள்ளியையும், ஒரு புள்ளியிலயிருந்து மற்றதுக்குப் போற வளைவையும்தான் வைச்சிருக்குது. புள்ளியில கைபிடி மாதிரி ஒரு கம்பி இருக்கு. அதை இழுத்தால் வளைவு மாறும். யானையளவு பெருப்பிச்சாலும் உடையாது."

ஸ்ரீபனுக்கு இதில் கடைசி வசனம் மட்டும் பிடித்தது. அந்தக் கிழமை வலைஞர்மடத்தில் யாரைக் கண்டாலும், "வெக்ரர் உடையாது தெரியுமோ?" என்று தொடங்கினான். கலிஸ்ரா இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், "அப்ப அதில ஒரு சோத்துப்பானை செய்து தாங்கோ" என்றாள்.

அவனுக்கு மெய்யான பரவசம் வந்தது, கணினியோடு கூட வந்த ஓர் இறுவட்டால். பத்தாயிரம் ஆயத்தப் படங்கள் அதற்குள் இருந்தன. பூ வேண்டுமா, இருக்கிறது. மாடு, கார், கோபுரம், கேக், எல்லாம் இருக்கின்றன. பிடித்து இழுத்து வைத்தால் போதும். ஆறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் தெரிவு, ஒரு நிமிடம் வேலை. 'இதைத்தான் நான் அப்பவே சொன்னனான்' என்று நினைத்து, பக்கத்து அறையில் அடுத்த நாளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்த பத்மாசனியை ஸ்ரீபன் இரக்கத்தோடு பார்த்தான்.

கார்த்திகை மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. சந்தையில் எல்லாரின் கருவாடும் ஒரே மாதிரிச் சாக்கில் கிடக்கிறது. எங்கள் கட்டாக் கருவாட்டைப் பொதி செய்து மேலே ஒரு படம் ஒட்டினால் சனம் அடையாளம் கண்டு வாங்கும். பேச்சைக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஸ்ரீபன் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தான். "படம் என்ர பொறுப்பு. நான் இப்ப டிசைனர்" என்றான்.

யாரும் மறுக்கவில்லை. நம்பிக்கையால் அல்ல. கடதாசிப் படந்தானே, காற்சட்டை இல்லையே என்ற துணிவு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, சங்கத்தார் சூசையம்மாவின் கருவாட்டு வாடியில் கூடினார்கள். சூசையம்மா கருவாடு போடும் பெண்களுக்குத் தலைவி. கணவன் கடலில் போனபிறகு தனியாக நின்று வாடி நடத்துகிறவள். ஐம்பத்தைந்து வயதில் ஒரு சாக்குக் கருவாட்டைத் தூக்கித் தோளில் போடுவாள். வீரபாகுவும் வெள்ளை வாகனத்தில் வந்திருந்தார். ஸ்ரீபன் இறுவட்டுப் படம் ஒன்றை அச்செடுத்து மடியில் வைத்திருந்த கடதாசியை விரித்து உயர்த்திக் காட்டினான். நடுவில் ஒரு மீன். நீல மீன். கடலுக்கு மேலே வளைந்து துள்ளியது. கண்ணுக்கு நீண்ட இமைமயிர். சிவந்த சொண்டு. வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே நிழல் விழுத்திய எழுத்தில் 'வலைஞர்மடம் கட்டாக் கருவாடு'.

"சர்வதேசத் தரம்" என்றார் வீரபாகு.

கருவாட்டில் மொய்த்த இலையான்களின் சத்தம் வாடியில் பெரிதாய்க் கேட்டது. சூசையம்மா கடதாசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தம்பி, இது ஏன் சிரிக்குது? காயவைச்சதுக்கோ?"

அதோடு மடை திறந்தது. "இது ஆத்து மீனடா" என்றான் ஒருவன். "செவுள் எங்க? மூச்சு விடாத சாதியோ?" என்றான் இன்னொருவன். "கட்டாவுக்குப் பக்கத்தில வரிசையாப் பொட்டு இருக்கும். இது நெத்தியில வைச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டுது போல" என்றான் ஸ்ரீபனின் மூத்த தமையன். கலிஸ்ரா பெண்களோடு பின்னால் இருந்தாள். மற்றவர்கள் கணவனைக் கிழிக்கும்போது அவள் கூடச் சேர்வதில்லை. அது தனக்குரிய வேலை என்பது அவள் எண்ணம். அவள் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததுதான் ஸ்ரீபனுக்குக் கூடச் சுட்டது.

"பகிடி விடாதேங்கோ. மீன் எண்டா மீன்தானே?" என்று கத்தினான்.

சூசையம்மா சிரிக்கவில்லை. "உன்ர அப்பர் கட்டா பிடிச்சு வளத்த உடம்பு உது. கட்டாவின்ர வால் எப்பிடி இருக்கும், சொல்லு பாப்பம்" என்றாள்.

ஸ்ரீபன் கடதாசியில் இருந்த வாலைப் பார்த்தான். அது உதவவில்லை. முப்பத்தெட்டு வருசம் தின்ற மீன். துண்டு துண்டாகத்தான் அவனுக்கு அது தெரியும். குழம்புக்குள் தெரியும், பொரியலில் தெரியும். முழு மீனாக அதன் முகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. வலையிலிருந்து மீன் கழற்றுகிற நேரமெல்லாம் அவன் எங்கேயாவது நிழலில் இருந்து, வேறு என்ன தொழில் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் அவன் வகுப்புக்கு வந்தான். அன்று பின்னேரம் வேறு நாலு பேரின் முறையையும் கெஞ்சி வாங்கி, அரை மணித்தியாலம் கணினிக்கு முன்னால் இருந்தான். சட்டைப் பெட்டியை மூடுகிற கண்ணாடித்தாளில் முதல் நாள் இரவு தமையன் சொல்லச் சொல்ல அவன் கீறிய மீன் ஒன்று கையில் இருந்தது. அதைத் திரையில் ஒட்டி, கோட்டைப் பார்த்துப் பார்த்து மௌசால் புள்ளி வைத்தான். கோடு பிசகக்கூடாது என்று அரிசி அரிசியாய் வைத்தான். முடிவில் மென்பொருள் எண்ணிச் சொன்னது: இருநூற்றுப் பதினாலு புள்ளி. மீனின் முதுகு பனை மட்டைக் கருக்குப்போல நின்றது. வயிற்றை நேராக்கலாம் என்று ஒரு புள்ளியை இழுத்தான். பக்கத்தில் நின்ற ஆறு புள்ளிகளும் ஆறு திசையில் கோணின. கணினி ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே உறைந்துபோனது.

"மாஸ்ரர், என்ன செய்யிறது?"

நல்லதம்பி கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "அது அடுத்த கட்டம்" என்றார்.

பத்மாசனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு முழு மீனாக் கொண்டு வாங்கோ அண்ணை" என்றாள்.

அடுத்த நாள் ஸ்ரீபன் சைக்கிள் கரியரில் சாக்கு சுற்றி ஒரு கட்டா கொண்டுவந்தான். இரணைப்பாலை தாண்டும்போதே இரண்டு நாய்கள் பின்னால் சேர்ந்துவிட்டன. கொட்டிலில் மேசைமேல் வைத்ததும் பாதிப் பேர் வெளியே எழும்பிப் போனார்கள். நல்லதம்பி கணினி அறையின் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கண்ணை மூடுங்கோ" என்றாள் பத்மாசனி. "மூக்கில தொடங்கி விரலை மீனைச் சுத்திக் கொண்டுபோங்கோ. விரல் திசை மாறுற இடத்தில மட்டும் சொல்லுங்கோ. மற்ற இடத்தில சும்மா போகட்டும்."

இதென்ன கூத்து என்று நினைத்தாலும் ஸ்ரீபன் விரலை வைத்தான். மூக்கு. நெற்றி ஏறி முதுகாகப் படுக்கிற இடம். பிறகு வழுவழுவென்று நெடுந்தூரம் ஒன்றுமில்லை. செட்டை எழும்புகிற இடம். வாலுக்கு முன்னால் ஒடுங்குகிற இடம். வாலின் மேல் நுனி, நடுக் கவடு, கீழ் நுனி. திரும்பவும் ஒடுக்கம், அடிச்செட்டை, வயிறு வளைகிற இடம், தாடை. விரல் மூக்குக்கு வந்து சேர்ந்தபோது அவன் பதினொரு தரம் 'இஞ்ச' என்று சொல்லியிருந்தான்.

"பதினொண்டு" என்றாள் பத்மாசனி. "அவ்வளவு புள்ளிதான் காணும். மிச்சத்தை வளைவு பாத்துக்கொள்ளும். எங்க திரும்புதெண்டு தெரியாத ஆள்தான் எல்லா இடத்திலயும் புள்ளி வைக்கிறது."

சாத்திய கதவு மெல்லத் திறந்து, நல்லதம்பியின் தலை தெரிந்தது. மூக்கைக் கைலேஞ்சியால் பொத்தியிருந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார். அடுத்த நாளிலிருந்து காலை வகுப்பில் பின்வரிசை வாங்கில் ஒரு புதிய மாணவர் இருந்தார், கழுத்துப்பட்டியோடு. அவர் கீறிய திருவலையும் நாயாகத்தான் வந்தது. இதைக் கண்டபோது ஸ்ரீபனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பின்னால் அவனுக்குச் சான்றிதழ் கிடைத்தபோதுகூட ஏற்படவில்லை.

இத்தோடு ஸ்ரீபன் பெரிய சித்திரக்காரனாகிவிட்டான் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த மீனைத் தாளில் கீற அவனுக்கு மார்கழி முழுவதும் போனது. நாள்தோறும் மீன் வீட்டுக்கு வரும், சமைக்கவிடமாட்டான். "படம் முடியட்டும்" என்பான். படம் முடிய மீன் கெட்டுவிடும். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் கலிஸ்ரா கத்தியோடு வந்து நின்றாள். "வால் மட்டும் மிச்சம்" என்று அவன் கெஞ்ச, வாலை வெட்டி அவன் முன்னால் வைத்துவிட்டு உடலைக் குசினிக்குக் கொண்டுபோனாள். அதனாலோ என்னவோ, வால் மற்றப் பாகங்களைவிட நன்றாக வந்தது.

தை மாதம் பதினொரு புள்ளியில் மீனின் உருவம் திரையில் நின்றது. கண்ணுக்கு ஒரு வட்டம், செவுளுக்கு ஒரு வளைவு, பக்கத்தில் ஆறு பொட்டு. இமைமயிர் இல்லை. சிரிப்பும் இல்லை. வாயின் ஓரம் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டது. அதைத் திருத்தப்போனால் முழுவதும் கெட்டுவிடும் என்ற பயத்தில் ஸ்ரீபன் கையை எடுத்துவிட்டான்.

வாடியில் கடதாசி கைக்குக் கை மாறியது.

"கட்டாதான்" என்றாள் சூசையம்மா கடைசியில். "வருத்தக்காரக் கட்டா. ஆனா கட்டாதான்."

தமையன் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர மாமனாரின்ர முகச்சாயல் இருக்கு" என்றான். கலிஸ்ரா கடதாசியைப் பறித்துப் பார்த்தாள். தகப்பனின் சாயல் இருப்பது உண்மைபோலத்தான் பட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஸ்ரீபனின் கணக்கில் அது பாராட்டு.

துணிச் சட்டத்தில் மை தேய்த்து அச்சடிக்கிற ஒரு கடையில் அந்தப் படத்தை ஒரே நிறத்தில் அடித்தார்கள். புதுக்குடியிருப்புச் சந்தையில் சனம் 'அழுமூஞ்சி மீன் கருவாடு' என்று கேட்டு வாங்கத் தொடங்கியது. பெயர் எப்படி இருந்தாலும் அடையாளம் கண்டுதான் கேட்டார்கள்.

மாசியில் பயிற்சி முடிந்தது. வீரபாகு இருபது பேரையும் கணினியைச் சுற்றி நிறுத்திப் படம் பிடித்தார். 'வன்னியில் இருபது வரைகலை வடிவமைப்பாளர்கள் உருவாகினர்' என்று அறிக்கை போனது. அந்த இருபது பேரில் பதினொரு பேர் திரும்பத் தோட்டத்துக்குப் போனார்கள். ஐந்து பேர் கலியாணம் முடித்தார்கள். மூன்று பேர் தையலுக்கு மாறினார்கள். கணினி வீரபாகுவின் அலுவலகத்துக்குப் போனது, அடுத்த திட்டத்தை எழுத. அதைக் கொண்டுபோகும்போது ஜெனரேற்றரையும் ஸ்ரீபனையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

அந்த அலுவலகத்துக்கு அவ்வருடம் ஆனியில் ஒரு பெரிய பொதி வந்தது. ஆயிரத்தைந்நூறு சுவரொட்டிகள். பரந்தன், பளைப் பக்கம் சனம் சண்டைக்குள் விட்டுவந்த தங்கள் காணிகளைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரம். காணி முழுவதும் மிதிவெடி. கிழமைக்கு ஒரு கால் போய்க்கொண்டிருந்தது. அதற்கான எச்சரிக்கைச் சுவரொட்டிதான். தடித்த பளபளப்புக் கடதாசி, ஐந்து நிறம். வீரபாகு ஒன்றைப் பெருமையோடு விரித்தார்.

மணல் பாலைவனம். தலைப்பாகையும் தாடியுமாய் ஒருவர். அவருக்குப் பின்னால் ஓர் ஒட்டகம். கீழே தமிழில், 'அவதானம், மிதிவெடி'.

ஸ்ரீபன் பார்த்தான். கிட்டப்போய்ப் பார்த்தான். வாடியில் கேட்ட இலையான் சத்தம் அவன் காதுக்குள் திரும்பக் கேட்டது.

"ஐயா, இது எந்த ஊர்?"

"வேற ஒரு நாட்டுக்குச் செய்தது. படம் முக்கியமில்லை ஸ்ரீபன், செய்திதான் முக்கியம். சனம் எழுத்தை வாசிக்கும்."

"எழுத்து வாசிக்காத சனத்துக்குத்தானே ஐயா படம்? இதைப் பாத்தால், ஒட்டகம் இல்லாத காணியில பயமில்லாமல் நடக்கலாமெண்டெல்லோ நினைக்குங்கள்."

"இது நிபுணர்கள் செய்தது."

"நானும் ஒருக்கா நிபுணராத்தான் இருந்தனான், ஐயா" என்றான் ஸ்ரீபன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததில் அவனுக்கே வியப்பு.

வீரபாகு விட்டுக்கொடுத்தது ஸ்ரீபனின் நியாயத்துக்காக அல்ல. பரந்தனில் முதல் நாள் ஒட்டிய சுவரொட்டிகளைப் பார்த்த ஒரு கிழவர், "சேர்க்கஸ் எப்ப வருகுது?" என்று கேட்டதாக அவருடைய சாரதியே வந்து சொல்லிவிட்டான். மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாகவும் இருந்தது. "சரி, ஏதும் செய்யுங்கோ" என்றார்.

ஸ்ரீபன் பத்மாசனியைத் தேடிப் போனான். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் மரத்துக்குக் கீழே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு, "போய்ப் பாத்தியளோ?" என்றாள். அவ்வளவுதான். அவன் பரந்தனுக்குப் போனான். அங்கே சனம் பாலைவனத்தில் நிற்கவில்லை. கூரையில்லாத வீட்டுக்குள் நின்றார்கள். தங்கள் கிணறு எங்கே என்று பற்றைக்குள் தேடினார்கள். எல்லாவற்றுக்கும் முதல் விறகுக்குப் போனார்கள், பெண்கள்தான் போனார்கள். தலையறுந்த பனைகளுக்குக் கீழே காய்ந்த மட்டை நிறையக் கிடந்தது. கால் போனதும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்து கலிஸ்ராவின் தலையில் விறகுக் கட்டொன்றை வைத்து வெயிலில் நிறுத்தினான். ஒரு கால் முன்னுக்கு.

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"கொஞ்சம் பொறு. முழங்காலில வளைவு எங்க திரும்புதெண்டு பாக்கிறன்."

"எனக்குத் தலை திரும்புது" என்றாள் அவள். ஆனாலும் நின்றாள். நாலு நாள் நின்றாள்.

சுவரொட்டியில் ஒரு பெண், தலையில் விறகு, தூக்கிய கால் இன்னும் நிலத்தில் படவில்லை. மட்டைக்குக் கீழே பாதி தெரிய ஒரு மிதிவெடி. அதை ஸ்ரீபன் தன் மனத்திலிருந்து கீறவில்லை. செயலிழக்கச் செய்த ஒன்றைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்து, மீனைப்போல விரலால் சுற்றிப் பார்த்துக் கீறினான். நிறம் இரண்டுதான். அதற்குமேல் மை இல்லை. ஒட்டகச் சுவரொட்டிகளில் மிஞ்சியதைச் சூசையம்மா வாங்கிப்போய்க் கருவாடு சுற்றினாள். நல்ல கடதாசி, எண்ணெய் ஊறாது என்று புகழ்ந்தாள்.

புதுச் சுவரொட்டி பரந்தனில் ஏறிய பிறகு, கலிஸ்ரா பஸ்ஸில் போய்த் தன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் வாசலில் நின்றே கேட்டாள்: "என்ர கால் அவ்வளவு மொத்தமோ?"

"நான் கண்டதைத்தான் கீறினன்" என்றான் ஸ்ரீபன். அன்றைக்கு அவன் வெறுஞ்சோறு தின்றான்.

ஐப்பசியில் அவன் வீரபாகுவின் வாகனத்தில் திரும்பப் பரந்தனுக்குப் போனபோது ஒரு பெண் சுவரொட்டிக்கு முன்னால் கையில் தடியோடு நின்றாள். படத்தை அவள் நன்றாகப் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. இதைக் கீறியவன் இவன்தான் என்று சாரதி காட்டியதும், "தம்பி, படம் சரி. ஆனா ஆட்டை விட்டிட்டியள்" என்றாள்.

"ஆடோ?"

"ஆடுதானே முதல் உள்ளுக்குப் போறது? அதை மறிக்கத்தான் பிள்ளையள் பின்னால ஓடுதுகள். என்ர பேரன் அப்பிடித்தான் போனவன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். ஸ்ரீபன் வாகனத்துக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தான். அவளுடைய ஆடு வேலியோரம் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அவன் பென்சிலை வைத்ததும் அது நடந்தது. அவனும் எழுந்து நடந்தான். அது நின்றது, அவன் குந்தினான். அது மறுபடி நடந்தது.

"வடிவாப் பிடியுங்கோ அம்மா" என்றான். அவள் தடியைப் போட்டுவிட்டு ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். ஸ்ரீபன் வெயிலில் நிலத்தில் இருந்து, அதன் முதுகு எங்கே திரும்புகிறதென்று பார்க்கத் தொடங்கினான்.